கண் கட்டிய பாவை

பாவை என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. சிறுமியர் கையில் வைத்து விளையாடும் பொம்மை பாவை. கண்ணின் நடுவே விளங்கும் கருமணி பாவை. அழகிய பெண்ணும் பாவை. எதிரே நிற்பவரின் உருவம் கருமணியினுள்ளே சிறு பொம்மை போலத் தோன்றுதல் கண்டு நம் முன்னோர் கண்மணிக்கும் அப்பெயரை இட்டனர் போலும். வள்ளுவனார் காமத்துப்பாலில் இப்பொருள்பட இச்சொல்லை ஆண்டிருக்கிறார். இலத்தீன் மொழியாளரும் கண்மணியைச் சிறு பாவை என்றே வழங்கினர். கடல் பல இடையிட்ட இரு கூட்டத்தார், ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியபோது ஒன்றையே கண்டனர் என்பது இதனாற் புலனாகின்றது. நம் ஈழநாட்டிலோ பொம்மையைப் பாவைப்பிள்ளை என்று இன்னும் ஒருபடி அன்பு கூட்டி அழைக்கிறோம்.

கண்ணிற் பாவை ஒளியிழந்த ஒரு சிறுமி, தன் கையிலிருந்த பாவையின் கண்களையும் துணியாற் கட்டினாள். அந்தக் கட்டு பின்னர் ஒரு தேசத்துச் சிறுமியர் பலரின் விளையாட்டாயிற்று. அவள் முதிர்ந்த பின் உடை தைத்துக் கொடுத்த வேறொரு பாவை, இன்னொரு சிறுமிக்கு மொழியின் வாயிலைத் திறந்தது. அவளே லோரா பிரிட்ஜ்மன். ஹெலன் கெல்லர் அம்மையாரை அறியாத ஆசிரியர் நம்முள் அரியர். அவருக்கு ஐம்பது ஆண்டு முன்னரே, கண்ணும் செவியும் ஒருங்கே இழந்த ஒருவருக்கு மொழி கற்பித்தல் கூடும் என்பதை உலகுக்குக் காட்டிய லோராவை அறிந்தோரோ மிகச் சிலர். அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கி எழுதப் புகுகின்றேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிற் பிறந்த ஒரு பெண்ணின் கதை திருகோணமலைக்கு எதற்கு என வினவுவார் இருக்கலாம். நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பறையிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். கப்பல் கொண்டுவருவது சரக்கு மாத்திரமன்று என்பதைத் துறைமுகத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1815ஆம் ஆண்டு மசச்சூசெட்ஸ் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலிலேதான் அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வந்தனர்; 1816இல் யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கினர். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமைத்தானம் பொஸ்டன் நகரம். லோரா கல்வி கற்றதும் அதே பொஸ்டனிலேதான். 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஏற்பட்டது. ஆகவே, லோரா பிறந்தபோது நம் சிறுமியர் சிலர் ஐந்தாண்டாக அங்கே எழுத்தறிந்துகொண்டிருந்தனர். கண்ணும் செவியும் உள்ள பெண்ணுக்கே கல்வி வேண்டுமா என்று இரு நாடுகளிலும் பலர் ஐயுற்ற காலம் அது.

லோரா 1829ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹனோவர் என்னும் ஊரிலே ஓர் உழவர் குடியிற் பிறந்தாள். தந்தை டானியல், தாய் ஹார்மனி. பிறந்தது முதல் மெலிந்த உடம்பும் அடிக்கடி வரும் வலிப்பும் அவளை வருத்தின. ஏறக்குறைய இருபதாம் மாதத்தில் நோய் நீங்கிச் சிறிது தேறினாள். பெற்றோர் மகிழ்ந்திருந்த காலம் நான்கைந்து மாதமே. 1832ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடலெங்கும் செந்தடிப்பை எழுப்பும் ஸ்கார்லட் காய்ச்சல் அவ்வீட்டினுட் புகுந்தது. மூத்த பெண்கள் இருவரையும் அது கொண்டுபோயிற்று. இளையவளை உயிரோடு விட்டது. கண்ணையும் செவியையும் பறித்தது. மூக்கின் மோப்பத்தையும் நாவின் சுவையையும் பெரும்பாலும் அழித்தது. ஐம்பொறிகளுள் மெய் ஒன்றே பழுதின்றி எஞ்சியது. ஐந்து மாதம் இருட்டறையிலே கிடந்தாள். துணையின்றி நடக்க ஓராண்டும், பகல் முழுதும் எழுந்திருக்க ஈராண்டும் சென்றன. அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த மழலைச் சொற்களும் மறைந்தன.

ஆயினும் அறிவு உறங்கவில்லை. வீடெங்கும் தடவித் திரிந்து ஒவ்வொரு பொருளின் வடிவையும் வன்மை மென்மைகளையும் அறிந்தாள். தாயின் சேலை முனையைப் பற்றுவதுபோல அவள் உடையைப் பற்றிக்கொண்டே உடன் சென்று, அவள் கை செய்வதைத் தன் கையால் தொட்டுத் தொட்டுத் தையலும் பின்னலும் கற்றாள். அவளோடு பேசும் மொழி மிகச் சிறிது. தள்ளினால் போ என்பது. இழுத்தால் வா என்பது. தலையிலே தட்டினால் மெச்சுதல். முதுகிலே தட்டினால் கண்டித்தல். அக்காலத்தில் அவளுக்கு உற்ற தோழராய் வாய்த்தவர் ஏசா டெனி என்னும் முதியவர். அவரும் பேச்சுத் தடையுடையவர். ஊரார் அவரை அறிவிற் குறைந்தவர் என ஒதுக்கினர். அவரோ சிறுமியைக் காட்டுக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று, கூழாங்கல்லையும் நீரையும் தொட்டறியச் செய்தார். தம் குழந்தைப் பருவத்து மகிழ்ச்சிக்கு அவரையே காரணராகப் பிற்காலத்தில் லோரா நன்றியோடு நினைந்தார். ஊர் குறைகண்ட இருவர் ஒருவர்க்கொருவர் நிறைவாயினர்.

பொஸ்டனிலே விழியற்றோர்க்கென ஒரு வித்தியாசாலையை 1832இல் தம் தந்தையார் இல்லத்திலேயே தொடங்கியவர் சாமுவேல் கிரிட்லி ஹவ் என்னும் வைத்தியர். கிரேக்க நாட்டு விடுதலைப் போரிலே பணிபுரிந்து திரும்பியவர். பின்னர் கப்பல் வணிகராகிய பெர்க்கின்ஸ் என்பவர் அளித்த கொடையால் அவ்வித்தியாசாலை அவர் பெயரைத் தாங்கியது. லோராவைப் பற்றிய செய்தியைக் கேள்வியுற்ற ஹவ் 1837ஆம் ஆண்டு கோடையில் ஹனோவருக்கு நேரே சென்றார். பெற்றோரின் இசைவு பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில், எட்டு வயது நிரம்பாத சிறுமி பெர்க்கின்ஸ் வித்தியாசாலைக்கு வந்து சேர்ந்தாள். எங்கே கொண்டுவரப்பட்டோம், எதற்காக, எத்துணை நாளுக்கு என்று அவளுக்கு எடுத்துரைக்க ஒரு சொல்லும் இல்லை. அந்த முதற் சில நாட்களின் திகைப்பை எண்ணுந்தோறும் என் நெஞ்சு கலங்கும்.

அவர் கற்பித்த முறை ஆசிரியர் யாவரும் ஊன்றிக் கருதத் தக்கது. நாம் எழுத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து தொடருக்கும் செல்கிறோம். நம் இலக்கண நூல்களும் எழுத்ததிகாரத்தை முன்வைத்தே தொடங்கும். ஹவ் சொல்லிலிருந்து தொடங்கினார். கரண்டி, கத்தி, திறப்பு, புத்தகம் போன்ற பொருள்களின் மேல், அவற்றின் பெயர்களைப் புடைத்த எழுத்தாற் பொறித்த தாள்களை ஒட்டினார். விரலால் அவற்றைத் தடவிய லோரா, கரண்டியின் மேலுள்ள கோடுகள் திறப்பின் மேலுள்ள கோடுகளின் வேறானவை என்பதை விரைவில் உணர்ந்தாள். பின் தாள்களைத் தனியே கொடுத்தபோது, உரிய பொருளின் மேல் உரிய தாளைக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்து, எழுத்துக்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்து அவற்றைச் சொல்லாக அடுக்கச் செய்தனர். இவ்வளவும் நினைவாற்றலும் பின்பற்றலுமே. பழக்கிய நாயும் ஒருவாறு செய்யக்கூடியது என்று ஹவ்வே கருதினார்.

வாரம் பல இவ்வாறே கழிந்தபின் ஒரு நாள் உண்மை அவளுள்ளே பளிச்சிட்டது. தன் மனத்திலுள்ள ஒன்றுக்கு ஒரு குறி செய்து, அதனை இன்னொருவர் மனத்துக்குக் காட்டலாம் என்பதை அவள் அறிந்துகொண்டாள். முகம் மலர்ந்தது. அதன் பின் அவளைத் தூண்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. உலோக அச்செழுத்துக்களை விட்டு, விரல்களை எழுத்து வடிவாக மடித்து மற்றவர் உள்ளங்கையிலே வைத்துப் பேசும் விரலெழுத்தைக் கற்றாள். கனவிலும் அவள் விரல்கள் பேசின. தனித்திருக்கும்போது தன்னோடு தானே விரலாற் பேசுவாள். வலக்கை பிழையாக எழுத்துக் கூட்டினால், ஆசிரியை செய்வதுபோல இடக்கையால் அதனை அடிப்பாள்; சரியாகக் கூட்டினால் தன் தலையைத் தானே தட்டி மெச்சிக்கொள்வாள். ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த எனக்கு, இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நகையும் நீரும் ஒருங்கே வரும்.

வித்தியாசாலைக்கு வந்து ஆறு மாதம் சென்றபின் தாய் அவளைப் பார்க்க வந்தாள். மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் எதிரே நின்று கண்ணீர் பெருகப் பார்த்தாள். மகள் வந்து மோதினாள், கையைத் தடவினாள், உடையை ஆராய்ந்தாள், அறியாதவள் எனக் கருதி விலகிச் சென்றாள். வீட்டிலே தான் அணிந்த மணிமாலையைத் தாய் கொடுத்தபோது அதனை அடையாளங்கண்டு மகிழ்ந்து கழுத்திலே பூண்டாள். கொடுத்த கையை அப்போதும் அறிந்திலள். வீட்டுப் பொருள் மற்றொன்றைக் கொடுத்த பின்னர் ஐயம் பிறந்தது. மீண்டும் கையைத் தொட்டாள். முகம் வெளிறியது, உடனே சிவந்தது. தாய் அவளை இழுத்து அணைத்த கணத்தில் எல்லாம் விளங்கிற்று, மார்பிலே புதைந்தாள். பிரியும் வேளை வந்தபோது, ஒரு கையால் தாயையும் மற்றொரு கையால் விடுதித் தலைவியையும் பற்றிக்கொண்டு சிறிது நின்றாள். பின் தாயின் கையை விட்டாள். எட்டு வயதுக் குழந்தை கல்வியின் பொருட்டுச் செய்த துறவு அது என்றே நான் கருதுகிறேன்.

இனிப் பாவையின் கதைக்கு வருவோம். பெர்க்கின்ஸ் வித்தியாசாலையில் வாழ்ந்த விழியற்ற பிள்ளைகள் கண்ணிமைகளின் மேல் பச்சை நாடா ஒன்றைக் கட்டியிருப்பது வழக்கம். லோராவும் கட்டியிருந்தாள். அவளிடம் ஒரு பாவைப்பிள்ளை இருந்தது. அதற்குத் தானே உடை தைத்து அணிந்தாள். உடை அணிந்தபின், தான் கட்டியிருந்ததைப் போன்ற பச்சை நாடா ஒன்றைச் செய்து அதன் கண்களின் மேலும் கட்டினாள். இதனை அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுத்ததாக அறியோம். தாய்க்கு எப்படி, பிள்ளைக்கும் அப்படி என்று அவள் எண்ணினாள் போலும். கட்டு அவளுக்குக் குறையின் சின்னமன்று, குடும்பத்தின் சின்னம்.

கட்டிய கண்ணோடு அப்பாவை சும்மா கிடக்கவுமில்லை. ஒரு நாள் அதற்கு நோய் வந்ததாக லோரா பாவனை செய்தாள். மருந்து ஊட்டினாள், படுக்கையிலே கிடத்தினாள், காலருகே வெந்நீர்ப் போத்தல் வைத்தாள், இவ்வளவும் செய்யும்போது வயிறு குலுங்க நகைத்துக்கொண்டே இருந்தாள். ஹவ் வீடு திரும்பியதும் அவரை இழுத்துச் சென்று பிள்ளையின் நாடியைப் பார்க்கச் செய்தாள். வைத்தியரும் முகம் மாறாமல் நாடி பிடித்து, முதுகிலே பற்றுப் போடவேண்டும் என்று கட்டளையிட்டபோது களிப்பு மிகுதியாற் கூவினாள். ஐந்து மாதம் இருட்டறையில் நோயாளியாய்க் கிடந்த குழந்தை, இப்போது வைத்தியச்சியாய் நின்று நோயை விளையாட்டாக்கினாள். பட்ட துன்பத்தைப் பாவையின் மேல் ஏற்றிப் பார்த்தபோது, அத்துன்பம் அவள் கையாளத் தக்க அளவினதாய்ச் சுருங்கியது. பாவைக்கு வடுவும் நோயும் ஊனமும் கொடுத்து விளையாடும் பிள்ளைகளின் உள்ளத்தில் நிகழ்வது இதுவே என்பது என் துணிபு.

1842 ஜனவரியில் ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் பொஸ்டனுக்கு வந்தார். பெர்க்கின்ஸ் வித்தியாசாலையிலே பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கண்டார். அவளருகே தரையிற் கிடந்த பாவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அதன் கண்ணிலும் பச்சைக் கட்டைக் கண்டார். அவ்வாண்டே வெளிவந்த தம் அமெரிக்கப் பயண நூலிலே இதனை எழுதினார். ஹவ் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளால் முன்னரே பரவியிருந்த லோராவின் புகழ், இந்நூலால் உலகெங்கும் சென்றது. வித்தியாசாலையைப் பொதுமக்கள் பார்வையிடும் நாட்களில் கூட்டம் திரண்டது. நெருக்குதலிலிருந்து அவளைக் காக்க, இருக்கைகளை வேலியாக வளைத்துப் போட நேர்ந்தது. அவள் கையெழுத்தையும் கைப்பின்னலையும் நினைவுப் பொருளாகக் கொண்டுபோக மக்கள் போட்டியிட்டனர். நாடெங்குமுள்ள சிறுமியர் தம் பாவைகளின் கண்களைக் குத்திப் பிடுங்கி, குழியின் மேல் பச்சை நாடா கட்டி, லோரா எனப் பெயரிட்டு விளையாடினர் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர்.

இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். லோரா கட்டியதும் பச்சை நாடா. அச்சிறுமியர் கட்டியதும் பச்சை நாடா. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. லோராவின் பாவைக்குக் கட்டு இருந்தது, அதனோடு உடை இருந்தது, காய்ச்சல் வந்தது, குறும்பு இருந்தது, அதனைச் சுற்றி ஒரு வாழ்வு இருந்தது. மற்றைச் சிறுமியரின் பாவைக்கோ கண்ணைப் பிடுங்கியவுடனே பெயர் கிடைத்துவிட்டது. கண்ணில்லாமையே லோரா என்றாயிற்று. அவர்களிடத்து அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பு இருந்தபடியாலேதான் தமக்கு அருமையான பாவையைக் கெடுக்கவும் துணிந்தனர். ஆனால் அறிவில்லாத அன்பு, ஓர் ஆளை அவருடைய காயத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகின்றது.

நம்மவர் வழக்கிலும் இவ்விருவகை உண்டு. கம்பநாடரின் காவியத்தை அறிந்த மாணவரிடம் கூனி யார் எனக் கேட்டால் உடனே விடை வரும். மந்தரை யார் எனக் கேட்டால் சிலர் தயங்குவர். முதுகின் கூன் அவள் பெயரையே விழுங்கிவிட்டது. மறுபுறம் பிள்ளையாரைப் பாருங்கள். கொலுவில் எங்கே வைத்தாலும் ஒரு கொம்பு ஒடிந்தவராகவே இருப்பார். பாரதம் எழுதுதற்கு எழுத்தாணியாக அக்கொம்பை அவரே ஒடித்தார் என்பது புராணம். அதனால் ஏகதந்தர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் அது அவருடைய பெயர்கள் பலவற்றுள் ஒன்று. ஒடிந்த கொம்பு அவரை விழுங்கவில்லை. அவரே அதனைக் கையில் ஏந்தியிருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் வாணி விழாவின்போது என் மாணவி ஒருத்தி, ஒரு காலுக்குக் குச்சி கட்டிய பாவைப்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து கொலுப்படியில் வைத்தாள். ஊனமான உருவத்தைப் படியில் வைத்தல் ஆகாது என்றனர் சிலர். பின்னமுற்ற விக்கிரகம் பூசைக்கு ஆகாது என்னும் விதியை நானும் படித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாவை பின்னமுறவில்லை, அவ்வாறே செய்யப்பட்டது. 2009இல் முடிந்த போரிலும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோளிலும் நம் மாவட்டத்தார் பட்டவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. இது யார் எனக் கேட்டேன். தன் பெரியம்மா என்றாள். நன்றாக அப்பம் சுடுவார், கோபம் வந்தால் ஊர் முழுதும் கேட்கும், கோணேசர் தேர் பார்க்க எல்லோருக்கும் முன்னே போய்விடுவார் என்று சொல்லிக்கொண்டே போனாள். குச்சியைப் பற்றி நான் கேட்ட பிறகே சொன்னாள். பாவை படியிலேயே இருந்தது.

லோராவின் சரித்திரத்தைத் தொடர்வோம். 1843இல் ஹவ் மணம் புரிந்து மனைவியோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கினார். தந்தையினும் மேலாக அவரை நேசித்த பதின்மூன்று வயது லோரா அப்பிரிவாற் பெரிதும் வாடினாள். கடவுளைப் பற்றிய எண்ணம் இயற்கையாகவே அவள் உள்ளத்தில் அரும்பவேண்டும், சமயக் கோட்பாடுகளை எவரும் புகட்டலாகாது என்பது ஹவ்வின் கருத்து. அவர் இல்லாத காலத்தில் பிறர் அவற்றைப் புகட்டிவிட்டனர். திரும்பி வந்தவர் தம் பெரும் பரிசோதனை கெட்டது என ஏமாற்றமடைந்தார். அதன் பின் பழைய ஈடுபாடு அவருக்கு இருக்கவில்லை. சாரா வைட் என்னும் ஆசிரியை சில ஆண்டு உடனிருந்து அன்போடு கற்பித்தார். 1850இல் அவரும் மணம் புரிந்து பிரிந்தார். இருபது வயதில் லோராவின் முறையான கல்வி முடிந்தது. பார்வையாளர் கூட்டமும் மெல்லக் குறைந்தது. கண் கட்டிய சிறுமியைக் காண வந்தோர், வளர்ந்த பெண்ணைக் காண வரவில்லை. வளர்ந்தபின் பெட்டியில் இடப்படும் பாவையின் நிலையே அவருக்கும் நேர்ந்தது.

அவர் ஹனோவருக்குத் திரும்பினார். பெற்றோர் அன்புடையவரே, ஆயினும் ஓயாத பண்ணை வேலையினிடையே விரலாற் பேச யாருக்கும் நேரமில்லை. சொல் அறியாதபோது அமைதியாய் இருந்த அதே வீடு, சொல் அறிந்தபின் சிறையாயிற்று. உணவு செல்லவில்லை, உடல் மெலிந்து உயிருக்கே ஆபத்தான நிலை வந்தது. மீண்டும் பெர்க்கின்ஸ் வித்தியாசாலைக்கு அழைத்துவந்தபின்பே தேறினார். அவர் அங்கே வாழ்நாள் முழுதும் தங்குதற்கென, மனநோயாளரின் நலத்துக்காகப் பாடுபட்ட டொரதியா டிக்ஸ் அம்மையாரும் ஹவ்வும் பொருள் திரட்டினர். 1876இல் ஹவ் இறந்தார். லோராவின் பராமரிப்புக்கு அவர் ஒழுங்கு செய்து வைத்திருந்தார்.

அவ்வித்தியாசாலையில் லோரா கழித்த நாட்கள் ஆரவாரமற்றவை. விழியற்ற பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தார், கண்டிப்பான ஆசிரியை, பிழையான தையலை விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பிரிக்கச் செய்வார். ரேந்தை பின்னி விற்றார். நாட்குறிப்பும் கடிதங்களும் சில செய்யுள்களும் எழுதினார். உலகம் மறந்த அவ்வாண்டுகளையே அவருடைய வாழ்வின் பெரும்பகுதி என அறிதல் வேண்டும்.

1880இல் ஆன் சலிவன் என்னும் பதினான்கு வயதுப் பெண், ஏழையர் விடுதியிலிருந்து பெர்க்கின்ஸ் வித்தியாசாலைக்கு வந்தாள். கண்ணோயால் பார்வை பெரிதும் மங்கியவள், முன்கோபி, எவரோடும் ஒத்துப்போகாதவள். லோரா வாழ்ந்த விடுதியிலேயே அவளும் வாழ்ந்தாள்; லோராவோடு பேசும் பொருட்டு விரலெழுத்தைக் கற்றாள். அலபாமா மாநிலத்திலே கெல்லர் என்பாரின் மனைவி, கண்ணும் செவியும் இழந்த தன் மகளுக்கு வழியுண்டோ என ஏங்கியிருந்தபோது, டிக்கன்ஸின் நூலிலே லோராவைப் பற்றிப் படித்தாள். அப்படிப்புத்தான் நம்பிக்கைக்கு வித்தாயிற்று. பெர்க்கின்ஸ் வித்தியாசாலைக்கு விண்ணப்பம் சென்றது. ஆன் சலிவன் ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அவள் டஸ்கம்பியா ஊரை அடைந்தபோது, பெட்டியிலே ஒரு பாவை இருந்தது. விழியற்ற பிள்ளைகள் சேர்ந்து ஹெலனுக்கு அனுப்பிய பரிசு அது. அதன் உடையைத் தைத்தவர் ஐம்பத்தேழு வயது லோரா. சிறுமி அதனோடு சிறிது விளையாடியபின், ஆசிரியை அவள் உள்ளங்கையிலே பாவை என்னும் ஆங்கிலச் சொல்லை விரலால் எழுதினாள். ஹெலன் கெல்லர் கற்ற முதற் சொல் அதுவே. அடுத்த மாதம் ஒரு நாள், பாடத்தில் எழுந்த எரிச்சலால் ஹெலன் தன் புதிய பாவையைத் தரையில் அறைந்து உடைத்தாள். இரக்கமோ கழிவிரக்கமோ சிறிதும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் நீரிறைக்கும் குழாயடியிலே சொல்லின் பொருள் அவளுக்கு விளங்கிற்று. வீட்டினுள் திரும்பியதும் உடைந்த பாவையை நினைந்து, துண்டுகளைத் தேடிப் பொறுக்கி ஒட்டவைக்க முயன்றாள், முடியவில்லை, அழுதாள். தன் வாழ்வில் முதன்முதலாகக் கழிவிரக்கம் கொண்டது அன்றே என்று அவர் பின்னர் எழுதினார். பெயர் தெரிந்த பிறகே அப்பாவை அவளுக்கு உயிருடையதாயிற்று. உயிருடையதான பிறகே அதன் உடைவு நொந்தது.

1888இல் ஹெலன் பெர்க்கின்ஸ் வித்தியாசாலைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். லோரா ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். துள்ளித் திரிந்த சிறுமி அதனைத் தொட வந்தபோது, கை அழுக்காயிருக்கலாம் என அஞ்சி அவர் விலக்கிக்கொண்டார். காப்பியத்திலாயின் இருவரும் தழுவிக் கண்ணீர் சொரிந்திருப்பர். வாழ்க்கையிலோ, கைவேலையைக் காப்பாற்றிய தையலாசிரியையும் மனம் சுருங்கிய ஒரு குழந்தையுமே இருந்தனர். எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்தது. லோரா யாருடைய பாவையும் அல்லர் என்பதை இது காட்டுகின்றது. அடுத்த ஆண்டு, 1889 மே 24ஆம் நாள், சில நாள் நோயுற்றிருந்து தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் லோரா இறந்தார். ஹனோவரிலே அவரை அடக்கம் செய்தனர்.

இக்காலத்திற் பாவை செய்வோர் ஊனத்தையும் நோயையும் பாவைகளின் இயல்பாக அமைக்கத் தொடங்கியுள்ளனர். பார்பி என்னும் பாவையைச் செய்யும் அமெரிக்கக் கம்பனி 1997இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த தோழியொருத்தியை வெளியிட்டது. பின்னர் செயற்கைக் கால் அணிந்தவளும், வெண்படை படர்ந்த தோலினளும், செவிக்கருவி பூண்டவளும் வந்தனர். 2024இல், ஹெலன் கெல்லர் பல்லாண்டு பணியாற்றிய அமெரிக்க விழிப்புலனற்றோர் நிறுவனத்தின் துணையோடு, வெண்கோல் ஏந்திய பாவை ஒன்றும் கடைக்கு வந்தது. தம்மைப் போன்ற பாவையைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அது எத்துணை ஆறுதல் என்பதை லோராவின் கதையே சொல்லும். விலைக்கு வாங்கிச் சேர்ப்போர்க்கு அது புதுமையாகத் தோன்றினும், புதிதன்று. ஒரு சிறுமி ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு முழ நாடாவால் அதனைச் செய்து முடித்தாள்.

நாடா கட்டுதல் எளிது. கட்டிய பின்னர் உடை தைத்தல், பெயரிடுதல், நோய் வந்தால் நாடி பார்த்தல், உடன் நகைத்தல் ஆகிய இவையே அரியவை. வகுப்பிலே புதிதாக ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, கண்ணைப் பற்றியும் காலைப் பற்றியும் நாவின் தடையைப் பற்றியும் நாம் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கே உட்கார வைப்பது என்பதற்கு அது பயன்படும். ஆனால் அப்பிள்ளையை அழைப்பதற்கு, அதன் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கின்றது.